தொழுவம் காலியாகுமுன்

வறட்சிக் காலத்தில் பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருவானவர், ஒரு குடும்பத்தின் நிலையை அறிய அடுக்களையை எட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. தொழுவத்தைப் பார்த்தாற் போதும். "மாடு எங்கே, அம்மா?" என்றால், "தீனிக்கு வழியில்லை சாமி, தள்ளிவிட்டோம்" என்ற மறுமொழி வரும். வாங்கிய விலையில் பாதிகூடக் கிட்டியிராது. அவ்வாரம் சந்தைக்கு வந்தோரில் விற்க வந்தவரே பெரும்பாலோர். வாங்க வந்தவர் ஒரு சிலர். மாட்டோடு குழந்தையின் பாலும், பால் சங்கத்திலிருந்து வந்த பணமும் போய்விடுகின்றன. மறு ஆண்டு மழை பெய்து புல் முளைத்தபின் அதே போன்றதொரு மாட்டை வாங்க வட்டிக்குக் கடன் தேட வேண்டியிருக்கும்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் மானாவாரி ஊர்களுக்கு இத்தகைய ஆண்டு புதிதன்று, இனியும் வரும். அது வந்தபின் தீனி தேடப் புறப்படுவதே நம் குடும்பங்களின் பெரிய இழப்புக்குக் காரணம் என்பது என் கருத்து. வறட்சியில் மாட்டைக் காக்கும் தீவனத்தை வறட்சிக்கு முன்பே ஆயத்தம் செய்தாக வேண்டும்.

கொங்கு நாட்டார் இதனைப் பல தலைமுறைகளாக அறிந்திருக்கின்றனர். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் 'கொறங்காடு' என்றொரு மேய்ச்சல் நில முறை உண்டு. நிலத்தைச் சுற்றிலும் முட்கிளுவை வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். மழை பெய்தால் புல் தழைக்கும். கோடையில் புல் காய்ந்தபோதும் வெள்வேல நெற்றுகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உணவாகும். காங்கேயம் காளைகளின் புகழுக்குப் பின்னால் இந்த வறண்ட காடுகளே நிற்கின்றன.

நம் பக்கத்தில் கொறங்காடு இல்லை. சீமைக் கருவேலம்தான் உண்டு, அதுவும் வேண்டிய மட்டும்! 1870களில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம் இன்று கண்மாய்களையும் தரிசுகளையும் மூடி நிற்கிறது. இதனை ஆதரித்து ஒரு சொல்லும் நான் எழுதமாட்டேன். இத்தகைய அயல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022இல் தமிழக அரசு ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. எனினும் மரம் நிற்குமளவும் அதன் நெற்றை மண்ணில் மக்க விடுவானேன்? அதன் இலையை ஆடுகூட விரும்பாது. நெற்றோ இனிப்பானது, புரதமும் ஏறத்தாழ 12 விழுக்காடு கொண்டது.

ஆனால் நெற்றை முழுதாகத் தின்னக் கொடுக்கலாகாது. கடினமான விதைகள் செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி, போன இடமெல்லாம் புது முட்புதரை உண்டாக்கும். கோடையில் உதிரும் நெற்றுகளைப் பொறுக்கி, ஒடித்தால் முறியும் அளவுக்கு வெயிலில் உலர்த்தி, விதையும் நொறுங்குமாறு அரைவை ஆலையில் அரைத்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பிண்ணாக்கும் தவிடும் சேர்ந்த கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் இம்மாவைச் சேர்க்கலாம். மலிவாய்க் கிடைக்கிறதே என்று இதனை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் கேடு விளையும். பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் அவ்வாறு தின்ற மாடுகள் தாடைத் தசை தளர்ந்து, முகம் கோணி, மெல்ல இயலாமல் நலிந்தன.

நெற்று என்றதும் ஊதாரி மைந்தன் உவமை நினைவுக்கு வருகிறது. பன்றிகளின் தீனியான நெற்றுகளுக்கு அவன் ஏங்கினான் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அவை பாலஸ்தீன நாட்டின் கரோப் மரத்து நெற்றுகள் என்பர் விளக்கவுரையாளர். வறண்ட நாடுகளில் மரத்து நெற்று கால்நடைக்கு உணவாவது அவ்வளவு பழைய வழக்கம்.

நிற்க. நம் வீடுகளில் உள்ள பெருஞ்செல்வம் வைக்கோற்படப்பே. வயிற்றை நிரப்புவதன்றி வைக்கோலால் ஆவது சொற்பம். அதன் புரதம் மூன்று நான்கு விழுக்காடுதான். மாட்டு வயிற்றின் நான்கு அறைகளில் பெரியதில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கச் செய்பவை. அவை சரிவர இயங்க, தீனியில் ஏழு விழுக்காடாவது புரதம் வேண்டும். யூரியா ஊட்டிய வைக்கோல் இக்குறையை நிரப்புகிறது. யூரியாவிலிருந்து எழும் அம்மோனியா வைக்கோலின் கடினமான நாரை இளக்குகிறது. புரத அளவும் ஏழு எட்டு விழுக்காட்டுக்கு உயர்கிறது.

செய்முறை எளிது. 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஏறத்தாழ 50 லிட்டர் நீரில் ஒரு கட்டியும் எஞ்சாமல் கரையுங்கள். சிமெண்டுத் தரையிலோ பிளாஸ்டிக் விரிப்பிலோ வைக்கோலை அடுக்கடுக்காய்ப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் பூவாளியால் சீராகத் தெளித்து நன்கு மிதியுங்கள். காற்றுப் புகாதபடி தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மண்ணிட்டு அழுத்துங்கள். 21 நாள் திறக்கலாகாது. பின்னர் அன்றாடம் தேவையான அளவை மட்டும் எடுத்து, நெடி அடங்க ஒரு மணி நேரம் காற்றாட விரித்துவிட்டுப் போடுங்கள். முதற் சில நாள் மாடு முகம் சுளிக்கும். சாதா வைக்கோலோடு கலந்து சிறிது சிறிதாகப் பழக்குதல் நன்று. நாளொன்றுக்கு 5 கிலோ வீதம் ஒரு மாட்டுக்கு 20 நாள் வரும் ஆகையால், ஒன்றைத் திறப்பதற்குச் சில நாள் முன்பே அடுத்ததை மூடி வைத்தால் தட்டுப்பாடு நேராது. அறுவடை முடிந்து வைக்கோல் மலிந்திருக்கும்போதே படப்பைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏனெனில் தொழுவத்து வேலை பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. யூரியாவை அளவு மீறிச் சேர்த்தாலும், கரைசலைக் கழுநீரென்று மாடு குடித்துவிட்டாலும் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கும் குதிரை, கழுதைகளுக்கும் இவ்வைக்கோல் ஆகாது. மூட்டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அசோலா வளர்க்கலாமே என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நல்ல தீவனந்தான். ஆயினும் அது நாள்தோறும் நீர் தேங்கி நிற்கும் தொட்டியில் வளர்வது. குடிநீருக்கே குடம் வரிசையில் நிற்கும் ஊரில் அதனை நம்பியிருக்க நான் சொல்லமாட்டேன். வேலியோரத்தில் நாலு வாகை, கிணற்றடியில் நாலு அகத்தி நட்டு வளர்ப்பது நமக்கு ஏற்றது. இவற்றின் தழை புரதம் மிக்கது. முற்றிய வாகை கோடையையும் தாங்கும்.

வறட்சியால் குன்றிய சோளப் பயிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மழையின்றி வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், வாட்டத்திற்குப்பின் ஒரு மழைக்குத் துளிர்க்கும் குருத்திலும் கொடிய நஞ்சு மிகுந்திருக்கும். பசித்த மாடு அதில் வாய் வைத்தால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழக்கூடும். தீனியே இல்லாத நாளில் அப்பசுமை கண்ணை ஈர்க்கும், மாட்டை அவிழ்த்துவிடாதீர்கள். பயிர் பூத்தபின் அறுத்து, வெயிலில் நன்றாக உலர்த்திப் போட்டால் நஞ்சு பெரிதும் குறைந்துவிடும். மேய்ந்துவிட்டு மாடு தள்ளாடினால், கைம்மருந்து தேடி நேரத்தைப் போக்காமல் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.