பெய்யாத மழை

பெய்தது 40 மி.மீ. கம்ப்யூட்டர் காட்டுவதோ 80. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.யைத் தொட்டாலே அது கனமழை. ஒன்றை இரண்டாக எண்ணும் ஒரு பின், மிதமான மழையைப் பதிவேட்டில் கனமழையாக்கிவிடும்.

ராஸ்ப்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டரோடு மழைமானியை இணைப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் தலைவலி இது. மானிக்குள் ஏற்றப்பலகை போல ஆடும் சிறு வாளி, 0.2 மி.மீ. மழைக்கு ஒரு தடவை கவிழும். அப்போது ஒரு காந்தம் ரீட் சுவிட்சை மூட, பின்னில் 3.3 வோல்ட்டாக இருந்த மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கும். இந்த இறக்கம்தான் இன்டரப்ட். கம்ப்யூட்டர் கைவேலையை நிறுத்திவிட்டு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும்.

கணக்கு தவறினால் எல்லோரும் முதலில் புரோகிராமைத்தான் குடைகிறார்கள். அதற்கு முன் மானியின் ஒயரைக் கழற்றுங்கள். உள் புல்-அப்பை இயக்கி, அந்தப் பின்னை ஒரு துண்டு ஒயரால் கிரவுண்டில் தொடுங்கள். எண்ணிக்கை ஏறினால் பலகையும் புரோகிராமும் வேலை செய்கின்றன. கோளாறு வெளியே.

ஏறவில்லையா? பின் எண்ணைச் சரிபாருங்கள். ஜிபிஐஓ 17 என்பது பலகையில் 11ஆவது பின். வரிசையில் 17ஆவது பின் 3.3 வோல்ட் சப்ளை. அதைக் கிரவுண்டில் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்! எண் சரியாக இருந்தும் புரோகிராம் தொடங்கும்போதே பிழை காட்டினால், பலகை எந்த மாடல் என்று பாருங்கள். 2023இல் வந்த ராஸ்ப்பெரி பை 5இல் பின்களைத் தனி சிப் ஒன்று கவனிக்கிறது. பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ லைப்ரரி அதில் ஓடாது.

மழையே இல்லாமல், பக்கத்தில் மோட்டார் போடும்போதெல்லாம் எண்ணிக்கை ஏறுகிறதா? நீளமான ஒயர் ஆன்டெனாவாகிவிட்டது. பலகைக்குள் இருக்கும் புல்-அப் சுமார் 50 கிலோ ஓம். நீண்ட ஒயருக்கு அது பலவீனம். வெளியே 3.3 வோல்ட்டுக்கும் பின்னுக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 5 வோல்ட்டில் இணைத்தால் பின் கருகிவிடலாம்.

ஒரு கவிழ்ப்புக்கு இரண்டு மூன்று எண்ணிக்கையா? சுவிட்சின் தகடுகள் மூடும்போது சில மில்லி செகண்டுகள் துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலும் ஓர் இன்டரப்ட். ஒன்றை எண்ணியபின் 200 மில்லி செகண்டுக்குள் வருவதை ஒதுக்கச் சொல்லுங்கள். உண்மை மழை தவறிப்போகுமா? மணிக்கு 100 மி.மீ. கொட்டினாலும் இரு கவிழ்ப்புகளுக்கு நடுவே 7.2 செகண்ட் இருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. மானியின் வாய் 200 சதுர செ.மீ. என்றால் ஒரு கவிழ்ப்புக்கு 4 மி.லி. தண்ணீர். 400 மி.லி. அளந்து, மெல்ல ஊற்றுங்கள். 100க்கு ஒட்டி வந்தால் மானியை மொட்டை மாடிக்கு ஏற்றலாம். 200 வந்தால், வானத்தைக் குறை சொல்லாதீர்கள்.