பிறர் தட்டும் நம் தட்டும்

2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் நாடு ஒரு தடை விதித்தது. நம் சங்க உறுப்பினர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘ஃபுவா க்ரா’ என்று சொல்லும் கொழுத்த வாத்து ஈரலை இனி இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்பதுதான் அது. வாத்தின் தொண்டைக்குள் குழாயைச் செருகி, அது கேட்காத சோளத்தை நாளுக்கு இரண்டு மூன்று முறை திணிப்பார்கள். கடைசி இரண்டு வார காலத்தில் ஈரல் இயல்பான அளவைப் போலப் பல மடங்கு வீங்கிவிடும். அந்த வீங்கிய ஈரலுக்குத்தான் அத்தனை விலை.

தடை விதித்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதனால் விவேக் நகரில் யாருக்கும் ஒரு கவளம் குறையவில்லை. பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் சிலர் முணுமுணுத்திருக்கலாம், அவ்வளவுதான். இதை உண்கிற ஊர்களில் கதை வேறு. பிரான்சு 2006-இல் இதைத் தன் பண்பாட்டுச் செல்வம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் சிகாகோ நகரம் அதே 2006-இல் தடை செய்து, 2008-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் நாட்டிலேயே நாகாலாந்து அரசு 2020-இல் நாய் இறைச்சி விற்பனையைத் தடை செய்தது. 2023-இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அப்போது இங்கே டீக்கடையில் நம்மவர்கள் முகம் சுளித்துப் பேசியதைக் கேட்டேன். பிறர் தட்டில் இருப்பதைத் தடை செய்வது எப்போதுமே சுலபம். அதனால்தான் நம் தட்டில் தினமும் இருக்கும் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். முட்டையைச் சொல்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அசைவம் சாப்பிடுபவன். திருக்குறளில் ‘புலால் மறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருப்பதை அறிவேன். அதை முழுமையாகக் கடைப்பிடிக்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. அவர்களை வணங்குகிறேன். இந்தக் கட்டுரை என்னைப் போன்ற மற்றவர்களுக்கு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நாமக்கல் பக்கம் போயிருந்தேன். மறுநாள் அவர்களுடைய முட்டைக்கோழிப் பண்ணையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். உயரத் தூக்கிக் கட்டிய நீளமான கொட்டகைகள். வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். இன்ஜினியர் கண்ணுக்கு அது மிக நேர்த்தியான அமைப்பு என்பதை மறுக்க முடியாது. கூண்டின் தளம் முன்பக்கம் சற்றே சரிந்திருக்கும். இட்ட முட்டை தானாக உருண்டு வெளியே வந்து நிற்கும். எச்சம் கம்பி இடைவெளி வழியே கீழே விழுந்துவிடும். முட்டை அழுக்காகாது, நோய் குறைவு, ஆள்கூலியும் குறைவு. எல்லாம் சரி. கோழிதான் அதில் சரியாக அடங்கவில்லை.

பழக்க தோஷத்தால் டேப்பைக் கேட்டு வாங்கி அளந்தேன். பதினைந்து அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல ஆழம், உள்ளே மூன்று கோழிகள். ஒரு கோழிக்கு 60 சதுர அங்குலம். நாம் விண்ணப்பம் எழுதும் ஏ-4 தாள் ஏறத்தாழ 97 சதுர அங்குலம். கோழி என்றாலே குப்பையைக் கிளறுகிற ஜென்மம். மண்ணில் புரளும், இறக்கையை விரித்து உதறும், அந்தி சாய்ந்தால் கிளையேறும், முட்டையிட மறைவான மூலை தேடும். அந்தக் கூண்டில் இவற்றில் ஒன்றுகூட முடியாது. சுமார் இருபதாவது வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, எழுபது எண்பது வாரம் ஆனதும் கறிக்குப் போகும் வரை அது கம்பி மேல்தான் நிற்கிறது.

வாத்துக்குக் கொடுமை இரண்டு வாரம். நம் கோழிக்கு ஓராண்டுக்கு மேல்.

ரயில்வேயில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி வேகன் பராமரிப்பில் கழிந்தது. மாடு ஏற்றும் வேகனுக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. 1978-ஆம் ஆண்டு விதிப்படி பிராட் கேஜ் வேகன் ஒன்றில் பெரிய மாடு பத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, மீட்டர் கேஜ் என்றால் ஆறு. இறங்கும் இடத்தில் அந்த மாட்டுக்கு என்ன கதி என்பது வேறு விஷயம். போகும் வழியில் அது நிற்கவும் மூச்சுவிடவும் இடம் வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், எந்தப் பிராணியையும் நியாயமாக அசையக்கூட முடியாத கூண்டில் அடைப்பது குற்றம் என்றே சொல்கிறது. சட்ட ஆணையம் 2017 ஜூலையில் முட்டைக்கோழிகள், கறிக்கோழிகள் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்று எழுதினார்கள். அதாவது சுமார் 85 சதுர அங்குலம். அந்த அளவு எல்லாப் பண்ணைகளிலும் வந்தாலும் ஏ-4 தாள் அளவைத் தொடாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். முட்டை ஏழைக் குழந்தையின் உணவாயிற்றே, அதன் விலையை ஏற்றலாமா? கூடாது. தமிழ்நாட்டில் 1989-இல் சத்துணவில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, இன்று பள்ளி நாளெல்லாம் முட்டை கிடைக்கிறது. நாம் பிழைக்க வந்த இந்தக் கர்நாடகத்தில் 2021 டிசம்பரில்தான் வடமாவட்டங்களில் பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை தரத் தொடங்கினார்கள். அதற்கும் சில மடாதிபதிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குழந்தை முட்டை தின்னலாமா கூடாதா என்று அத்தனை விவாதம் நடந்தது. முட்டையிட்ட கோழி எப்படி இருக்கிறது என்று அந்த விவாதத்தில் யாரும் கேட்டதாக நினைவில்லை. அந்தக் குழந்தையின் முட்டையில் கைவைக்கச் சொல்பவன் நானல்ல.

நாமக்கல் பண்ணைக்காரரைக் குற்றவாளி ஆக்குவதும் என் நோக்கமல்ல. முட்டை விலை தினமும் பைசாக் கணக்கில் ஏறி இறங்குகிறது. தீவன விலையோ ஏறினால் இறங்குவதில்லை. கடன் வாங்கிப் போட்ட கூண்டுகளை நாளைக் காலையே பிடுங்கி எறி என்றால் அவர் எங்கே போவார்?

இதற்கு ரயில்வேயில் ஒரு வழி வைத்திருக்கிறோம். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018-இல் பழைய வகைப் பெட்டிகள் கட்டுவதை நிறுத்தி, எல்.எச்.பி. பெட்டிக்கு மாறியது. ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டிகளை ஒரே நாளில் உடைத்துப் போடவில்லை. அவை தம் ஆயுளை ஓடி முடிக்க விட்டார்கள், புதிதாகக் கட்டுவதை மட்டும் நிறுத்தினார்கள். ஐரோப்பிய நாடுகள் கோழிக்கூண்டு விஷயத்திலும் இதையேதான் செய்தன. 1999-இல் சட்டம், 2003 முதல் பழைய வகைக் கூண்டு புதிதாக அமைக்கத் தடை, 2012 ஜனவரி முதல் முழுத் தடை. பன்னிரண்டு ஆண்டு அவகாசம்! கம்பி துருப்பிடித்து எப்படியும் மாற்ற வேண்டி வரும். மாற்றும்போது வேறு மாதிரி மாற்றுவதற்குக் கடனும் காலமும் கொடுத்தால் நம்மவர்களாலும் முடியும்.

அதுவரை, விலை கொடுக்க முடிந்தவர்கள் முதலில் கொடுக்கலாம் அல்லவா? விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்துக்கு அருகே நான் வாங்கும் கடையில் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“கூண்டில் அடைக்காத கோழி முட்டை வருமா?”

“பிரவுன் முட்டை இருக்கே சார், அதுதான் நாட்டுக்கோழி.”

இது பலரும் நம்பி ஏமாறும் இடம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் கோழியையும் கூண்டில் அடைத்து வளர்க்கிறார்கள். நிறத்தைப் பார்க்காமல், எந்தப் பண்ணை, எப்படி வளர்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நான் விடாமல் கேட்டதில், இப்போது வாரம் ஒருமுறை ஓசூர்ப் பக்கத்துச் சிறு பண்ணை ஒன்றிலிருந்து அண்ணாச்சி இரண்டு தட்டு வரவழைக்கிறார். ஒரு முட்டைக்கு ஏழு ரூபாய் கூடுதல். எங்கள் வீட்டில் வாரம் பன்னிரண்டு வாங்கிக்கொண்டிருந்தோம், இப்போது எட்டு. என் மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நம் சங்க ஆண்டு விழா விருந்தில் பிரியாணிக்கு ஆளுக்கொரு அவித்த முட்டை வைக்கிறோம். நானூறு பேர் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் செலவு 2,800 ரூபாய். மேடை அலங்காரத்துக்கு நாம் செலவழிப்பது இதைவிட அதிகம். அடுத்த விழாக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஓர் உறுப்பினர் வேண்டும். சைவ அன்பர்களும் வழிமொழியலாம், விதியில் தடை ஏதும் இல்லை.