பென்சிலுக்கு ஒரு ட்யூப்

எண்ணூரிலிருந்து சென்ட்ரல் போகிற எலெக்ட்ரிக் ட்ரெய்ன் பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்கக் கூடாது, அது ஐதீகம்.

எதிரே ஓர் அம்மா, எட்டு வயசுப் பையன். மூளை முடக்குவாதம். அவன் பென்சிலில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது.

"மெல்லிசா இருந்தா புடிக்க வராது சார். ஸ்கூலுக்கு வர்ற தெரபி மேடம் சுத்திக் குடுத்தாங்க. கால் தொங்காம இருக்க பெஞ்சுக்கடியில ஒரு பலகை. கால் ஊனினாத்தான் கை நிக்குமாம். முன்னெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவேன். எனக்குக் கூலி பூடும், அவனுக்குக் கணக்குப் பாடம் பூடும்."

40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயசு வரை இலவசப் படிப்பு என்கிறது 2016 சட்டம். சரி, பென்சில் பிடிக்க வேண்டாமா?

பையன் என் பேப்பர் ஓரத்தில் பேர் எழுத ஆரம்பித்தான். மூணெழுத்து. இரண்டாவதில் ட்ரெய்ன் குலுங்கிக் கிளம்பிற்று. இன்னும் ஒரு நிமிஷம் நின்றால்தான் என்னவாம் என்று, ஜென்மத்தில் முதல் தடவையாக, டிரைவர்மேல் கோபம் வந்தது.