பிள்ளையைப் பிடித்தது சனியா?

பதினைந்து வயதுப் பையன் கண் சிவந்து வருகின்றான். பழைய சிநேகிதர்களை விட்டுவிட்டான். வீட்டில் பணம் காணாமற் போகின்றது. உடனே நம் ஜனங்கள் ஜோசியனிடம் ஓடி, ஏழரைச் சனியென்று கேட்டுவந்து தாயத்துக் கட்டுகின்றார்கள். அவனுடைய உதட்டை விலக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கின்றோம். 2013-ல் தமிழ்நாட்டில் குட்காவைத் தடை செய்த பின்னும், கூல் லிப் என்னும் புகையிலைப் பொட்டலம் பிள்ளைகளின் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கத்தான் செய்கின்றது. சட்டையில் கஞ்சா நெடி அடித்தால் அதற்குமா சனி காரணம்?

கண் சிவப்பு கண்ணோயாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டரேயன்றி ஜோசியனல்ல. அடித்தாலோ பையன் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். தட்சணைப் பணத்தை வண்டிச் சத்தமாக்கி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்புக்கென்றுள்ள 14446 என்ற எண்ணில் பேசினால் காசும் கேட்கமாட்டார்கள்.