அழுகிறவளை அதட்டாதீர்கள்!

துக்க வீட்டுக்குப் போனால் நாம் எல்லோருமே தவறாமல் சொல்கிற ஒரு வாசகம் உண்டு. “அழாதம்மா... பிள்ளைங்க முகத்தைப் பார்த்து மனசைத் தேத்திக்கோ!”

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் ஒரு வைத்தியன் என்ற முறையில் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், அந்த வாசகத்தின் முதல் வார்த்தையை மட்டுமாவது இனிமேல் விட்டுவிடுங்கள்.

ஏன் தெரியுமா? சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பசி, தாகம், தும்மல், இருமல், கொட்டாவி, தூக்கம், மலம், சிறுநீர் என்று போகிற அந்தப் பட்டியலில் கண்ணீரும் ஒன்று. இவற்றை வலிய அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது விதி. கண்ணீரை அடக்கினால் பீனிசம், தலைநோய், கண்நோய், மார்புநோய் எல்லாம் வரும் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. சிறுநீரை அடக்கச் சொல்லி யாராவது உபதேசம் செய்வோமா? கண்ணீருக்கு மட்டும் ஏன் இந்தத் தடை உத்தரவு?

புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் எல்லாம் காரியம் முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். வந்தவர்களுக்குக் காபி போட்டாளா, பாய் விரித்தாளா என்பதைத்தான் ஊர் பார்க்கிறது. பதினாறாம் நாள் உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதான் உடம்பு பேச ஆரம்பிக்கிறது. நெஞ்சை அடைக்கிறது, தலை பாரம், தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. ஈ.சி.ஜி., ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துக் கொண்டு நம்மிடம் வருகிறாள். “எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டர். ஆனா எனக்கு வலிக்குதே!” என்கிறாள்.

அந்த வலி பொய்யில்லை சகோதரிகளே! துக்கம் இதயத்தையே தாக்கும் என்று இன்றைய ஆங்கில மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு இதயக் கோளாறை விவரித்தார்கள். பேரதிர்ச்சியோ பெருந்துக்கமோ தாக்கும்போது இதயத்தின் அடிப்பாகம் பலூன் போல உப்பிச் செயலிழந்துவிடுகிறது. அதன் வடிவம் அங்கே ஆக்டோபஸ் பிடிக்கிற பானையைப் போல இருந்ததால் ‘டகோட்சுபோ’ என்று பேர் வைத்தார்கள். இதற்கு ஆளாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற வயதைத் தாண்டிய பெண்கள். தக்க சிகிச்சை செய்தால் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆகவே நெஞ்சு வலி வந்தால் ‘துக்கத்துல அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் உட்கார வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, துக்கத்துக்கு நம் பெண்கள் கண்டுபிடித்த மருந்து என்ன? பாட்டு! அதாவது ஒப்பாரி.

கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இழுத்து இழுத்துப் பாடும்போது மூச்சு நீளமாக வெளியே போகிறது. மூச்சு நீண்டால் நாடித்துடிப்பும் நிதானப்படும். ஒருத்தி களைத்தால் அடுத்தவள் எடுத்துக்கொள்கிறாள். தனியாக அழுகிறோம் என்ற எண்ணமே வராது. இதைவிட வேறு என்ன வைத்தியம் வேண்டும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். “செத்தவருக்காக அழறாளா, தனக்காக அழறாளா?” என்று ஆண்கள் கேலி பேசுவதுண்டு. அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அண்ணன் தம்பிகள் திரும்பிப் பார்க்காதது, மாமியார் பேசிய பேச்சு, பட்ட அடி, பசித்த வயிறு என்று வருஷக்கணக்காக வெளியே சொல்ல முடியாததையெல்லாம் ஒப்பாரியில் சொல்லலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொல்காப்பியம் அழுகை என்ற மெய்ப்பாட்டுக்கு நான்கு காரணம் சொல்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது அவமானம், இழப்பு, நல்ல நிலையிலிருந்து தாழ்ந்துபோதல், இல்லாமை. சாவு இந்த நான்கில் ஒன்றில்தான் அடங்கும். ஒரு பெண் அழும்போது மற்ற மூன்றும் சேர்ந்தே வெளியேறலாம்.

துக்கம் பாடுவது படிக்காதவர்கள் பழக்கம் என்று நினைக்காதீர்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதும், பாரி இறந்த பின் அவன் மகளிர் பாடியதும் புறநானூற்றில் இருக்கின்றன. இப்படிப் புலம்பும் பாட்டுக்குக் ‘கையறுநிலை’ என்று துறையே வகுத்து மரியாதை செய்தது தமிழ்.

பக்தியிலும் இதே கதைதான். திலகவதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் போனார்கள். மணம் பேசிய கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காகத் தங்கினார். பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ள திருவதிகைக் கோயிலில் பெருக்கி, மெழுகி, பூத்தொடுத்தே துக்கத்தைக் கரைத்தார். பிறகு சூலை நோயில் துடித்து வந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்தவர் அவர்தான். அந்தத் தம்பிதான் அங்கே முதல் பதிகம் பாடி நோய் நீங்கிய திருநாவுக்கரசர். கணவன் விலகிப்போன காரைக்கால் அம்மையாரோ, தானே பாட்டெடுத்தார். அவருடைய அற்புதத் திருவந்தாதி 101 பாட்டு. ஒருத்தி கையால் செய்த தொண்டில் ஆறினாள், இன்னொருத்தி பாட்டில் ஆறினாள். ‘எல்லாம் விதி, வாயை மூடிக்கொண்டிரு’ என்பதல்ல இவர்கள் காட்டிய பக்தி.

இப்போது என்ன ஆகிவிட்டது பாருங்கள்! வாசலில் ஃப்ரீசர் பெட்டி, ஸ்பீக்கரில் பதிவு செய்த ஒப்பாரி. சொந்த மகள் சத்தம் போட்டு அழுதால், “அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?” என்று அதட்டல். அழுவதற்கும் ஆள் வைத்துவிட்டு அழ வேண்டியவளை அடக்குகிறோமே, நியாயமா?

அதைவிடக் கொடுமை, கரு கலைந்த பெண்ணின் நிலை. அவளுக்குப் பதினாறாம் நாளும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. “அடுத்தது தங்கும், போ” என்று மூன்றாம் நாளே அடுப்படிக்கு அனுப்புகிறோம். அவள் வயிற்றில் இருந்ததும் ஒரு பிள்ளைதானே!

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. வளையலை உடைப்பதும் பூவைப் பறிப்பதும் ஒழிய வேண்டியவை. ஒழியக் கூடாதது, சேர்ந்து உட்கார்ந்து அழுகிற அந்த வட்டம் மட்டும்தான்.

“அழுதுகிட்டே இருந்தா உடம்பு கெட்டுடாதா டாக்டர்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. துக்கம் நாளாக ஆகத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தணிய வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றைக்குப் போலவே வாட்டி, அன்றாட வேலையையே முடக்கினால் அது சிகிச்சை தேவைப்படுகிற நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல். 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சாக வேண்டும் என்று பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ல் எந்நேரமும் பேசலாம். பாட்டு மருந்துதான், ஆனால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளுக்கு மாற்று அல்ல. அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மற்றபடி வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். அழுகிறவள் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். வெறும் வயிற்றோடு விடாமல் கஞ்சியாவது குடிக்க வையுங்கள். இறந்தவர் பேரைச் சொல்லிப் பேசுங்கள், மறைக்காதீர்கள். பதினாறோடு முடித்துக்கொள்ளாமல் மூன்றாம் மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். வாய்விட்டுப் பாட வெட்கப்படுகிறவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். மனதை வருத்தியதைத் தினம் 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதிய மாணவர்கள் அதன் பிறகு மருத்துவரிடம் போவது குறைந்தது என்று 1986-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் பாட்டிகள் அதைத்தான் எழுதாமல், பாடிச் செய்தார்கள்.

அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது, “அழாதம்மா” என்று வாய் வரைக்கும் வந்தால் விழுங்கிவிடுங்கள். “அழும்மா, நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள்.