கைகாட்டினால் விழுகிற ஓட்டா மலையோட்டு?

தேர்தல் நெருங்கினால் நாமக்கல் மாவட்டக் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "மலையில கூட்டம் போட்டு என்ன ஆகப்போவுது? ஊர்க்கவுண்டரப் பாத்துப் பேசிட்டா போதும். அவரு கைகாட்டுற சின்னத்துக்கு மொத்த ஊரும் குத்திரும்." கட்சிக்காரர்கள் இதைச் சொல்வதில் வியப்பில்லை. விவரம் தெரிந்தவர்களும் தலையாட்டுவதுதான் வருத்தம். மலையில் நாடு எனப்படும் 14 ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திருப்புலி நாட்டு வாக்காளருக்குச் சொந்த யோசனையே கிடையாது என்பதுதான் இந்தப் பேச்சின் பொருள். இது பொய், கெடுதலான பொய்.

கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் பழங்குடியினருக்கான தனித்தொகுதி. 2011இல் தேமுதிகவின் சாந்தி, 2016இல் அதிமுகவின் சந்திரசேகரன், 2021இல் திமுகவின் பொன்னுசாமி வென்றார்கள். மூன்று தேர்தல், மூன்று கட்சி. மூன்று முறையும் கோட்டையைப் பிடித்த அணியே இங்கும் ஜெயித்தது. தொகுதியில் சமவெளி ஊர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து மலையின் மனத்தை அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் ஊர்க்கவுண்டர் என்பது பரம்பரையாக வரும் ஊர்த்தலைமைப் பொறுப்பு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவதில்லை. அவர் சொல்தான் எல்லாம் என்றால் இந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன? தமிழ்நாடு முழுவதையும் அசைத்த காற்று மலை ஏறியும் வீசியிருக்கிறது என்பதே எளிய விடை.

"பெரிய மனிதர் சொன்னால் சனம் கேட்கும், 1996ஐப் பாருங்கள்" என்பது அடுத்த வாதம். ஜெயலலிதா மீண்டும் வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று ரஜினிகாந்த் சொன்னார். அதிமுக 4 இடங்களுக்குச் சுருங்கியது. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். உண்மைதான். ஆனால் அவருடைய வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரமும் ஊழல் புகார்களும் அதற்கு முன்பே வீட்டுக்கு வீடு பேசப்பட்டவை. காங்கிரஸ் உடைந்து மூப்பனாரின் தமாகா திமுகவோடு கைகோத்திருந்தது. மக்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்ததை ரஜினி உரக்கச் சொன்னார். அதே ரஜினி 2004 மக்களவைத் தேர்தலில் பாஜக இருந்த அணிக்குத் தன் ஓட்டு என்றார். பாமக நின்ற ஆறு தொகுதிகளிலும் அதை எதிர்க்க ரசிகர்களை இறக்கினார். ஆறிலும் பாமக வென்றது. 2011இல் வடிவேலுவின் பிரசாரத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அவர் கேலி செய்த விஜயகாந்தின் கட்சி 29 இடங்களைப் பிடித்தது, அவர் ஓட்டுக் கேட்ட திமுகவுக்குக் கிடைத்தவை 23.

அப்படியானால் ஆதரவுக் குரலுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அது எந்த இடத்தில் என்பதைத்தான் இந்தப் பேச்சு தவறவிடுகிறது. உள்ளாட்சித் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் நாமக்கல் உட்பட 27 மாவட்டங்களில் வாக்குச்சாவடிக்குப் போனவர் கையில் நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் உண்டு. கவுன்சிலர்களுக்கான பச்சைச் சீட்டிலும் மஞ்சள் சீட்டிலும் பழகிய சின்னத்தைக் கண்டதும் முத்திரை தானாக இறங்கும். ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் பூட்டு சாவியும் ஆட்டோவும்தான் நிற்கும். "தண்ணிப் பிரச்சினைக்கு இவன் அலைவானா?" என்று தெரிந்தவரிடம் கேட்காமல் அங்கே வழியில்லை. ஊர்க்கவுண்டரின் சொல் அந்தச் சீட்டில் எடுபடும். சட்டமன்றத் தேர்தலில் அந்த அளவுக்கு எடுபட வேண்டிய தேவையே இல்லை.

இது மலைக்கே உரிய குணமும் அல்ல. 1988இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாகனக் காப்பீடு பற்றி ஐந்து முன்மொழிவுகளை ஒரே நாளில் மக்கள் வாக்குக்கு விட்டார்கள். படித்துப் புரிந்துகொள்வதே பெரும்பாடு. எதைக் காப்பீட்டு நிறுவனங்கள் தூக்கிப்பிடிக்கின்றன என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தவர்கள், எல்லாவற்றையும் படித்தவர்களைப் போலவே வாக்களித்தார்கள் என்று அரசியல் அறிஞர் ஆர்தர் லூபியா ஆராய்ந்து காட்டினார். நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடர் ஆதரித்த 103ஆம் முன்மொழிவு ஒன்றுதான் தேறியது. யார் ஆதரிக்கிறார்கள் என்பது சிலருக்கு வழிகாட்டி, சிலருக்கு எச்சரிக்கை. அந்த வாக்காளரை அறிவாளி என்றும், ஊர்ப் பெரியவரிடம் கேட்டு ஓட்டுப்போடும் கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்ணை மந்தை என்றும் சொல்வது என்ன நியாயம்?

"ஆனால் சில பூத்தில் மொத்த ஓட்டும் ஒரே பக்கம் விழுகிறதே" என்பார்கள். அங்கே யோசனை சொல்வதையும் மிரட்டுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்பு வாக்குச்சீட்டுகளைக் கலந்து எண்ண வழியிருந்தது. இப்போது எந்த இயந்திரத்தில் எவ்வளவு என்று வாக்குச்சாவடிவாரியாக வெளியாகிவிடுகிறது. சில நூறு ஓட்டுகள் உள்ள மலைச் சாவடியில் அது ஒரு ஊரையே காட்டிக்கொடுத்துவிடும். "உங்க ஊர்ல நமக்கு விழலையே, ரோடு எப்படி வரும்?" என்று கேட்க முடிகிற நிலையில் ஊர்ப் பெரியவரே பயந்துதான் பேசுவார். பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

அந்தக் கருவி வர வேண்டும். அதுவரை கட்சிகள் ஒன்று செய்யலாம்: ஒருவர் வீட்டுத் திண்ணையில் பேசி முடித்துவிட்டு மலை இறங்காமல், திருப்புலி நாட்டில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பெண்களும் இளைஞர்களும் கேட்கும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லலாம்.