கூலிக்கணக்கில் தெரியும் சீஷத்துவம்



"தோட்டக் கூலியைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் ஏன் பேச வேண்டும்? ஆவிக்குரிய காரியங்கள் போதாதா?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்விக்கு வேதம் இடங்கொடுக்கவில்லை.

விடியுமுன்னே கம்பம் பள்ளத்தாக்கின் கிராமங்களிலிருந்து ஜீப்புகள் புறப்படுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் அவற்றில் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறார்கள். போடிநாயக்கனூரில் ஏலம் போகும் காய்க்குப் பின்னால் இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன்னே கொடுத்துவிட உபாகமம் 24:15 கட்டளையிடுகிறது. கொடாமல் பிடித்துவைத்த கூலிக்கும் குரல் உண்டு, பரலோகம் அதைக் கேட்கிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. அப்படியிருக்க, கூலியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டுத் தசமபாகத்தை மட்டும் தவறாமல் செலுத்துவது எந்தப் பக்தி? அது உழைத்தவளின் பணத்தில் நாம் படைக்கும் காணிக்கை அல்லவா?

சகேயு மரத்தில் ஏறியபோது அவன் வீட்டுக்கு இரட்சிப்பு அறிவிக்கப்படவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தர அவன் முன்வந்த பிறகே ஆண்டவர் அதை அறிவித்தார் (லூக்கா 19:8, 9).

"எனக்குத் தோட்டமே இல்லை" என்று தப்பிக்க வேண்டாம். வீட்டுவேலை செய்யும் சகோதரிக்கும், சுவர் எழுப்பிய கொத்தனாருக்கும் நீங்கள்தான் முதலாளி.

வரும் ஞாயிறு திருவிருந்துக்கு வருமுன், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிப் பாருங்கள். முதலில் அதைக் கொடுங்கள். பிறகு பந்திக்கு வாருங்கள்.